பாட்டு டீச்சர் வந்திருக்கிறாரா?

ஜூன் மாதம். இடவப்பாதி மழை விடாமல் கொட்டுகிறது. பள்ளிக்கூடங்கள் திறந்தாகிவிட்டன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் காஞ்சிரங்குளம் போன்ற ஒரு சிற்றூர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய பாட்டு டீச்சர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கையில் குடை, மறு கையில் நியமன உத்தரவு, தோள் பையில் சுருதிப் பெட்டி. பஸ்ஸை விட்டு இறங்குகிறார்.

கணக்கு வாத்தியார் புதிதாக வந்தால் ஊரே விசாரிக்கும். பாட்டு டீச்சரை யார் விசாரிக்கிறார்கள்? "பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இல்லாத பாடம்தானே!" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடலாமா? கூடாது. அதிலும் பிழைப்புக்காக இங்கே வந்து குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடவே கூடாது. வெளியே சங்கீதம் கற்க வேண்டுமானால் மாதச் சம்பளம், குருதட்சிணை, போக வர பஸ் சார்ஜ் என்று செலவு நீளும். தினக்கூலிக்காரர் பிள்ளையும் காலணா செலவின்றி உட்காரக்கூடிய சங்கீத வகுப்பு பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது.

தமிழர் வளர்த்த கலாசாலை

இந்த வட்டாரத்துப் பாட்டு ஆசிரியர்களில் பலர் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்தவர்கள். 1939ல் சங்கீத அகாடமியாகத் தொடங்கிய அந்தக் கலாசாலையின் முதல் தலைவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் நெடுங்காலம் அந்தப் பொறுப்பை வகித்தார். 1960களில் ஜி.என். பாலசுப்பிரமணியமும் அந்த நாற்காலியில் அமர்ந்தார். நம் டீச்சர் கொண்டுவரும் பாடத்தில் தமிழ்நாட்டுப் பாட்டு வழியும் கலந்தே இருக்கிறது.

இதே நெய்யாற்றின்கரை மண்ணில் எளிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்தக் கலாசாலைக்குப் படிக்கப் போனார். ராமநாதபுரம் கிருஷ்ணனிடமும் பயிற்சி பெற்றார். பின்னர் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். திருவனந்தபுரம் வானொலி நிலையக் கலைஞருமானார். அவர்தான் 'பத்மஸ்ரீ' நெய்யாற்றின்கரை வாசுதேவன். 2008ல் காலமானார். ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து மேடைதோறும் ஒலிக்க வைத்தவர் அவர்.

மலையாளம் தெரியாதே?

"எங்கள் பிள்ளைக்கு மலையாளம் சரியாக வராதே" என்று சில தாய்மார்கள் தயங்குவார்கள். சரளி வரிசைக்கு ஏது மொழி? 'ஸ ரி க ம' எல்லோருக்கும் ஒன்றுதான். மலையாள வாசகத்தில் தடுமாறும் பிள்ளை, மாயாமாளவகௌளையில் தடுமாற வேண்டியதில்லை. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இதுவே முதல் துணிச்சலாகவும் அமையலாம்.

கேரளப் பள்ளிக் கலோத்ஸவம் 1957ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு விழாவில் வாய்ப்பாட்டில் பரிசு பெற்ற மாணவர் யேசுதாஸ். மிருதங்கத்தில் பரிசு பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். அந்த விழாவில் சாஸ்திரீய சங்கீதம், லலிதகானம், குழுப்பாட்டு ஆகியவற்றோடு தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலும் தமிழ்ப் பேச்சும் போட்டிகளாக உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேட்டால்தான் கிடைக்கும்

ஒன்றை மறக்கக் கூடாது. இத்தகைய ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் எண்ணிக்கையையும் வகுப்புப் பிரிவுகளையும் வைத்தே கணக்கிடப்படுகின்றன. பிள்ளைகள் குறைந்தால் பாட்டு டீச்சரின் இடம் ஆட்டம் காணும். ஒருவரே இரண்டு பள்ளிகளுக்கு ஓட நேர்வதும் உண்டு. கால அட்டவணையில் பாட்டு வகுப்பு இருந்தும், பரீட்சை நெருங்கினால் அந்த நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வதும் வழக்கம்தான். பெற்றோர் கேட்காத பாடம் பள்ளியில் நிலைக்காது.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, கணக்கு வாத்தியாரைப் பார்த்த கையோடு பாட்டு டீச்சரையும் பார்த்து, "எங்கள் பிள்ளை பாடுவானா, டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பிள்ளைக்கும் நல்லது, மழையில் நனைந்து வந்த அந்த டீச்சருக்கும் மனம் குளிரும்.