ஃபேன் ஓட எவ்வளவு செலவாகும்?

சீலிங் ஃபேன் ஒரு மணி நேரம் ஓட எத்தனை காசு ஆகும்? தமிழ்நாட்டில் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு வீட்டில் காசே ஆகாது. அதே ஃபேன் பக்கத்து வீட்டில் அறுபது காசு கேட்கும்.

கணக்கின் முதல் பாதி எளிது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். பழைய வகை ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத ரீடிங்கில் 67 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும்.

உங்கள் ஃபேன் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று வீட்டு மீட்டரிலேயே பார்த்துவிடலாம். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், 15 நிமிடம் எண்ணி, வந்த எண்ணை ஒன்றேகாலால் பெருக்குங்கள்; வாட் கிடைத்துவிடும். 60 முறை சிமிட்டினால் 75 வாட். 24 முறை என்றால் 30 வாட், பி.எல்.டி.சி. எனும் புதிய வகை ஃபேன் அந்த அளவுக்குத்தான் எடுக்கும்.

இந்த வித்தியாசம் மோட்டாருக்குள் இருக்கிறது. பழைய மோட்டாரில் சுழலும் பாகத்துக்குச் சொந்தக் காந்தம் கிடையாது. காயிலின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் அதைக் காந்தமாக்க வேண்டும். அந்த வேலையில் கணிசமான மின்சாரம் சூடாகவே வீணாகிறது. பி.எல்.டி.சி.யில் நிரந்தரக் காந்தம் பொருத்தியிருப்பதால் அந்த இழப்பு இல்லை. பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரும் இதே மாதிரிதான்: வேகத்தைக் குறைத்தாலும் மிச்சத்தின் ஒரு பகுதியைத் தானே சூடாக்கித் தீர்த்துவிடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த விரயம் மிகக் குறைவு.

இனி இரண்டாம் பாதி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை பார்ப்பது உதவாது. குறைகிற யூனிட் எந்தக் கட்டணப் படியில் குறைகிறது என்பதே முக்கியம். 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனால் படிகளின் அமைப்பு அதேதான். முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8. மொத்தம் 500-ஐத் தாண்டினால் 2.25 ரூபாய்ச் சலுகையும் போய்விடும்.

அன்றாடம் 15 மணி நேரம் ஓடும் ஒரு பழைய ஃபேனை பி.எல்.டி.சி.க்கு மாற்றினால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் குறையும். 300 யூனிட் செலவாகும் வீட்டில் அதன் மதிப்பு 180 ரூபாய். 530-லிருந்து 490-க்கு இறங்கும் வீட்டிலோ பில் 2,190-லிருந்து 1,665 ஆகிவிடும். ஒரே ஃபேனால் 525 ரூபாய் மிச்சம். நூறு யூனிட்டுக்குள் வாழும் வீட்டில் ஒரு பைசாவும் குறையாது.

ஆகவே கடைக்காரர் சொல்லும் சேமிப்பை நம்பிப் புது ஃபேன் வாங்காதீர்கள். கடந்த ஆறு பில்களை எடுத்துப் பாருங்கள். கோடையில் 500-ஐத் தாண்டுகிற வீடு என்றால் உடனே மாற்றுங்கள், அதுவும் இரவு பகலாக ஓடும் ஃபேனை முதலில். நூறுக்குள் இருப்பவர்கள் அந்தப் பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.