வட்டத்தில் எஞ்சும் இடம்

கி.பி. 67ஆம் ஆண்டில் உரோமப் படை யோதபாத்தா நகரைக் கைப்பற்றியபோது, யூதத் தளபதி யோசேபசும் அவருடன் நாற்பதின்மரும் ஒரு குகையில் ஒளிந்தனர். பகைவரிடம் சிறைப்படுவதினும் ஒருவர் கையால் ஒருவர் மாள்வதே மேல் என உடனிருந்தோர் துணிந்தனர். சீட்டிட்டு முறை வகுத்ததாகவும், முடிவில் தாமும் மற்றொருவருமே எஞ்சியதாகவும் யோசேபசு தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார்.

பிற்காலத்தார் இதனைக் கணக்குப் புதிராக்கினர். 41 பேர் வட்டமாக நிற்கின்றனர்; வரிசையாக எண்ணி, ஒவ்வொரு மூன்றாமவரும் நீக்கப்படுகிறார். முடிவில் எஞ்சும் இருவர் 16ஆம், 31ஆம் இடங்களில் நின்றோர் ஆவர்.

இதனைக் காணக் கணிப்பொறிக்கு எளிய நிரல் ஒன்றே போதும். இரண்டாமவர்தோறும் நீங்குவதாகக் கொள்வோம். 1 முதல் 41 வரை எண்களை வரிசையாக எழுதுக. முதலில் நிற்கும் எண்ணைக் கடைசிக்கு அனுப்புக. அடுத்த எண்ணை நீக்குக. ஓர் எண் எஞ்சும்வரை இதனையே திரும்பச் செய்க. கணிப்பொறி நொடியில் 19 என விடை தரும்.

ஏன் 19? நிரல் அதனைக் கூறாது. நாமே சிந்தித்தல் வேண்டும். வட்டத்தில் இரட்டைப்படை எண்ணிக்கையினர் இருப்பின், ஒரு சுற்றில் பாதிப்பேர் நீங்குவர். எண்ணிக்கை மீண்டும் முதல்வரிடமே தொடங்கும். ஆகவே 2, 4, 8, 16, 32 எனப் பேர் இருந்தால் முதல்வரே எஞ்சுவார். 41 பேரில் ஒன்பதின்மர் நீங்கினால் 32 பேர் இருப்பர். 2 முதல் 18 வரையுள்ள இரட்டை எண்ணினர் ஒன்பதின்மரும் நீங்கியபின் எண்ணிக்கை தொடங்குவது 19ஆம் மனிதரிடம். அப்போது அவரே முதல்வர், அவரே எஞ்சுபவர்.

இத்தகைய படிமுறைக்கு மேலைநாட்டார் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

சீட்டுக்கும் இவ்வெண்ணிக்கைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. ஒளிவின்றி இடும் சீட்டில் முடிவை எவரும் முன்னறியார். எண்ணிக்கையிலோ, கணக்கறிந்தவன் தனக்குரிய இடத்தை முன்னரே தேர்ந்து நிற்க இயலும். அறியாதார் அதனை விதியென நம்பி மாள்வர். இன்று வேலைக்கும் கடனுக்கும் விண்ணப்பிப்போரை நிரல்கள் சலித்தெடுக்கின்றன. வட்டத்தில் நிற்போர் எல்லார்க்கும் எண்ணும் முறை தெரிந்திருத்தலே நீதி. நிரல் எழுதக் கற்கும் நம் மாணவர்க்குக் கல்வி ஓர் அமானிதம். தம் இடத்தைக் காப்பதோடு அமையாது, கணக்கைப் பிறர்க்கும் விளக்குதல் அவர்தம் கடனாகும்.