பெட்டிக்கு வராத தேனீக்கள்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுவோர், கோடைமழையின் முதல் தூறலுக்குப் பின் சில நாட்களில் செல்வாராயின், காப்பிச் செடிகளின் கிளைதோறும் வெண்புஷ்பங்கள் மல்லிகையையொத்த மணத்துடன் கொத்தாக மலர்ந்து, இரண்டு மூன்று நாட்களில் வாடிப் போவதைக் காணலாம். அரபிகா காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லதெனினும், அந்தச் சொற்ப அவகாசத்தில் தேனீக்கள் வந்துபோனால் காய்ப்பு மேலும் விருத்தியடைகிறது.

இந்த ஜீவராசிகளைக் காக்கச் சர்க்கார் செய்வது யாது? தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 2020-21 முதல் மூன்றாண்டுகளுக்கென 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, பின்னர் அது 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது; தோட்டக்கலைத் திட்டங்களிலும் தேனீப் பெட்டிகளுக்கு மானியம் உண்டு. பிரயோஜனமான ஏற்பாடுகளே. ஆயினும், பாறைச் சரிவில் ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீயும், புதர்க்கிளையில் கையகல அடை கட்டும் கொம்புத்தேனீயும், மண்ணிலும் பட்டமரத்திலும் தனித்து வாழும் இனங்களும் பெட்டிக்கு வருவதில்லையாதலால், மானியக் கணக்கிலும் அவை வருவதில்லை.

பெட்டியை மட்டுமே நம்புவதன் அபாயம் நாம் அறியாததன்று. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத் தேனீக்களைத் தாக்கியபோது, புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் கட்டிய சிறு பைகளாக ஊதி, தத்தம் அறைகளிலேயே மடிந்தன; கூட்டங்கள் பெருவாரியாக அழிந்து, மார்த்தாண்டம் பகுதியில் வளர்ப்போர் பலர் தொழிலிழந்தனர்.

கொல்லிமலையிலோ, சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் அக்கிழங்கு குச்சி நட்டாலே வளர்வதால், பூச்சிகளைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் அதைப் பயிரிடுவோருக்கு நேர்வதில்லை. ஆகவே, என் அபிப்பிராயத்தில், இம்மலையின் தேனீக்களுக்குப் பெட்டியைவிடக் காடே பெரிய ஆதாரம்.

அக்காட்டில் தேனெடுக்கும் உரிமையை, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேனைச் சிறு வனப்பொருளெனக் கொண்டு, இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் போன்ற வனவாசிகளுக்கு அங்கீகரித்திருக்கிறது. காட்டுத்தேனுக்கு மத்திய சர்க்காரின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் உண்டு. அடையில் தேன் திரண்ட பாகத்தை மட்டும் அறுத்துக்கொண்டு, புழுவறைகளை விட்டுவைத்தால் கூட்டம் பிழைக்கும். ஆனால் அந்த விலை கிலோக் கணக்கில் நிர்ணயிக்கப்படுவதாதலால், அவ்வாறு விட்டுவைத்தவருக்கும் அடையை முழுதாக அறுத்து வந்தவருக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.