ரைட் கிளிக் பட்டன் எங்கே இருக்கு?



மாவட்டக் கண்காட்சியில் போட்டுக் காட்ட, எங்கள் குழு சத்துமாவு செய்யும் முறையை செல்போனில் படம் எடுத்தோம். கேழ்வரகு முளைகட்டுவது, காயவைப்பது, வறுப்பது, அரைப்பது, பொட்டலம் போடுவது எல்லாம் சேர்த்து 12 நிமிடம். அதை 3 நிமிடமாக வெட்ட வேண்டும். வெளியில் கேட்ட கூலி எங்கள் ஒரு மாதச் சேமிப்பைவிட அதிகம். சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

ஓப்பன்ஷாட் என்ற மென்பொருளுக்குக் காசு கிடையாது. ஆனால் அதில் பாதி வேலை ரைட் கிளிக் மெனுவுக்குள் ஒளிந்திருக்கு. கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் சிரமமில்லை. மவுசின் வலது பட்டனைத் தட்டினால் பட்டியல் வந்துவிடும். ஒருநாள் அதுவும் வரவில்லை. மவுஸ் கெட்டுப்போச்சு என்றே நினைத்தோம். இடதுகைப் பழக்கமுள்ள சகோதரி ஒருவர் செட்டிங்கில் பட்டனை மாற்றி வைத்திருந்தார். அப்படி மாற்றினால் இடது பட்டன்தான் மெனுவைத் திறக்கும்.

கரண்ட் போனதும் உறுப்பினர் ஒருவரின் மகளுடைய லேப்டாப்புக்கு மாறினோம். அதில் பட்டனே இல்லை, வழவழன்னு ஒரு சதுரம்தான். அதன் கீழ் வலது மூலையை அமுக்க வேண்டும், அல்லது இரண்டு விரலைச் சேர்த்து ஒரு தட்டு தட்ட வேண்டும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டராக இருந்தால் கீபோர்டில் கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டே கிளிக் செய்யணும். அதன் டச்பேடிலும் இரண்டு விரல் வேலை செய்யும். விண்டோசில் ஷிப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அமுக்கினாலும் மெனு வரும். ஆனால் எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் இது கை கொடுக்காது.

மெனு வந்தாலும் வெட்டும் ‘ஸ்லைஸ்’ என்ற வரி கண்ணில் படவில்லை. அரை நாள் இதிலேயே போச்சு! விஷயம் இதுதான்: வெட்ட வேண்டிய இடத்துக்கு அந்த நெடுக்குக் கோட்டை முதலில் நகர்த்தி வைக்கணும். கோடு படத்துண்டின் மேல் நின்றால்தான் ஸ்லைஸ் காட்டும். அம்பையும் துண்டின் மேலேயே வைத்துத் தட்டணும். பக்கத்திலிருக்கும் டிராக் பெயரில் தட்டினால் வேறு மெனு வரும். அதில் ‘ரிமூவ் டிராக்’ இருக்கு, கை தவறினால் அந்த வரிசையே போய்விடும். பயப்பட வேண்டாம், உடனே கன்ட்ரோல், இசட் சேர்த்து அமுக்கினால் திரும்ப வந்துவிடும். செல்போனில் எடுத்த மூலப் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. கம்ப்யூட்டர் மாறும்போது எடிட்டிங் ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனோம். அங்கே திறந்தால் படத்தையே காணோம் என்றது. அந்த ஃபைலுக்குள் படம் இருக்காது, படம் எங்கே இருக்கு என்ற விலாசம்தான் இருக்கும். ஆகவே படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டரோடு எடுத்துப்போங்கள்.

எங்கள் படம் 3 நிமிடம் 20 விநாடியில் நின்றது. அந்த 20 விநாடி எல்லோரும் சிரித்துக்கொண்டே பொட்டலம் ஒட்டும் இடம். வெட்ட மனசு வரலை.