தோட்டத்து வண்டியும் வருமான வரியும்

நெகிரி செம்பிலானில் பகாவ், ரொம்பின், ரந்தாவ், லாபு முதலிய வட்டாரங்களின் தோட்டங்களில் நிர்வாகிக்கும் உதவி நிர்வாகிக்கும் கம்பெனி வண்டி கொடுப்பது நெடுநாளைய வழக்கம். விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கும், பிறகு செம்பனைக் காட்டுக்கும் ஓடும் அதே பிக்கப், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போகிறது. யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை, குற்றமும் அன்று. ஆனால், ஆண்டு தோறும் பிப்ரவரி முடிவுக்குள் கைக்கு வரும் ஈ.ஏ. பாரத்தில், சம்பளத்துக்கு மேல் சில ஆயிரம் வெள்ளி வருமானமாக எழுதப்பட்டிருக்கும்போது, வாங்காத காசுக்கு எப்படி வரி என்ற கேள்வி பிறக்கிறது.

இக்கேள்வி நூற்றாண்டு கடந்தது. 1892ஆம் ஆண்டில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை முன் ஒரு வழக்கு வந்தது. ஸ்காட்லாந்து வங்கியின் மாண்ட்ரோஸ் நகரக் கிளை அதிகாரி ஒருவர், வேலையின் பொருட்டு வங்கிக் கட்டடத்திலேயே வாடகையின்றிக் குடியிருந்தார். அவ்வீட்டை அவர் பிறருக்கு வாடகைக்கு விடவும் முடியாது, பணமாக்கவும் முடியாது. ஆகவே அது அவருடைய வருமானம் ஆகாது என்று சபை தீர்த்தது. ஒருவனுடைய பைக்குள் வருவதே வருமானம், பையிலிருந்து போகாமல் மிச்சப்படுவது வருமானமன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. இந்த ஓட்டை வழியே, முதலாளிகள் சம்பளத்தைக் குறைத்து வீடு, மோட்டார், வேலையாள் என்று சலுகைகளைப் பெருக்கினார்கள். பிரிட்டன் 1948இல் கம்பெனி டைரக்டர்களையும், ஆண்டுக்கு 2,000 பவுனும் அதற்கு மேலும் பெறும் ஊழியர்களையும் குறிவைத்து அதை அடைத்தது.

மலாயாவில் வருமான வரிச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டு 1948 முதல் நடப்புக்கு வந்தது. இன்று ஆட்சி செய்வது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு பழைய தகராற்றுக்கு இடம் வைக்கவில்லை. பணமாக மாற்றக்கூடிய சலுகைகளுக்கு ஓர் உட்பிரிவு, மாற்ற முடியாத அனுபவிப்புகளுக்கு இன்னோர் உட்பிரிவு, குடியிருப்புக்கு வேறோர் உட்பிரிவு. கம்பெனி வண்டி இரண்டாவதில் விழுகிறது. வண்டி பிக்கப்பா, காரா, வேனா என்று அப்பிரிவு கேட்பதில்லை. சரக்கு வண்டி என்று பதிவாகியிருக்கிறதே என்பது ஊழியருக்குத் தானாகவே கேடயமாகிவிடாது.

விலக்குகளும் உண்டு. கடமையைச் செய்வதற்கு மட்டுமே பயன்படும் வசதிக்கு வரி இல்லை. வீட்டிலிருந்து வேலைத் தலத்துக்கும் திரும்பவும் இலவசமாக ஏற்றிச் செல்வதற்கும் வரி இல்லை. லயத்து வாசலில் தொழிலாளர்களை ஏற்றிக் காட்டில் இறக்கும் லோரியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் ‘மட்டுமே’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தம் வாசலில் நின்று, தாம் விரும்பியபடி ஓட்டத்தக்க வண்டியைக் கடமைக்கு மட்டுமே என்று சொல்லிச் சாதிப்பது கடினம்.

மதிப்பிடுவதற்கு உள்நாட்டு வருமான வாரியம் இரண்டு வழிகளை ஏற்கிறது. மோட்டார் காருக்கு வகுத்த அந்த அளவுகோலில், 1,20,000 வெள்ளிக்கு வாங்கிய புதிய பிக்கப்பையும் வைத்துப் பார்ப்போம். முதல் வழியில், விலையை வண்டியின் ஆயுளாகக் கொள்ளப்படும் எட்டு ஆண்டுகளால் வகுத்தால் 15,000. அதில் நூற்றுக்கு எண்பது 12,000. இரண்டாவது, வாரியத்தின் அட்டவணை. 1,00,001 முதல் 1,50,000 வெள்ளி வரையுள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 5,000. பெட்ரோலும் கம்பெனியுடையதானால் மேலும் 1,500. பன்னிரண்டாயிரத்துக்கும் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். எந்த வழியை எடுத்தாலும், இடையில் மாற்றாமல் அதையே தொடர வேண்டும். வண்டிக்கு ஐந்து வயது கடந்தால் அட்டவணைத் தொகை பாதியாகும். பெட்ரோல் தொகை குறையாது. டிரைவரையும் கொடுத்தால் மாதம் 600, ஆண்டுக்கு 7,200 சேரும். வண்டியைவிட வண்டியோட்டி விலை கூடியவர்!

இத்தொகை அப்படியே வரியன்று. வருமானத்தோடு சேர்வது மட்டுமே. வரிக்குரிய வருமானம் 50,000க்கும் 70,000க்கும் இடையில் நிற்பவருக்கு, 2023 முதல் அமைந்த விகிதப்படி, 6,500க்கு நூற்றுக்குப் பதினொன்றாக 715 வெள்ளி வரி கூடும்.

அட்டவணை வண்டியின் விலையைப் பார்க்கிறது. ஓடிய மைலைப் பார்க்கவில்லை. மாதம் ஒரு முறை கடைக்குப் போகிறவருக்கும், நாள்தோறும் ஊர் சுற்றுகிறவருக்கும் ஒரே தொகைதான். ஆண்டில் சில மாதங்களே வண்டி இருந்தாலோ, பலர் பங்கிட்டுக்கொண்டாலோ விகிதப்படி குறைக்கலாம். அதற்குமேல் சலுகை இல்லை. இங்கேதான் தோட்டத்து மனிதருக்கு மனக்குறை உண்டாகிறது, அது நியாயமானதே. குடியிருப்பு விஷயத்தில் சட்டம் தோட்டத்தை நினைத்துப் பார்த்திருக்கிறது. மற்ற இடங்களில் வீட்டின் மதிப்பு ரொக்க வருமானத்தில் நூற்றுக்கு முப்பது வரை போகலாம். தோட்டத்திலோ காட்டிலோ உள்ள வீட்டுக்கு நூற்றுக்கு மூன்றுதான். வண்டிக்கு அத்தகைய வரிசை ஒன்றும் இல்லை. பஸ் வராத செம்மண் பாதையின் முடிவில் வாழ்பவருக்கு வண்டி ஆடம்பரமன்று. நடு இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே வண்டிதான். அட்டவணைக்கு இவ்வேறுபாடு தெரியாது.

கம்பெனியின் கணக்கிலோ வண்டியின் வகை பெரிதும் முக்கியம். சரக்கோ பயணிகளோ ஏற்றும் வர்த்தக உரிமம் பெற்ற வண்டிக்கு முழு விலையின் மேலும் தேய்மானச் சலுகை கிடைக்கும். மற்றவற்றுக்கு 50,000 வெள்ளிதான் எல்லை. புதிய வண்டியாகவும் விலை 1,50,000க்கு மிகாமலும் இருந்தால் 1,00,000. ஒரே வண்டி, கம்பெனிப் புத்தகத்தில் ஒரு முகமும் ஊழியர் பாரத்தில் வேறொரு முகமும் காட்டுகிறது.

ஊழியரின் வரியிலும் வண்டியின் வகையைப் பார்க்கும் நாடு பிரிட்டன். அங்கே வேனுக்கு ஒரே நிலையான தொகை. காருக்கு விலையையும் புகையையும் வைத்து அதிகம். கோகோ கோலா கம்பெனியின் தொழில்நுட்ப ஊழியர்கள் ஓட்டிய, பின்னிருக்கை பொருத்திய வேன்கள் வேனா காரா என்று வழக்கு நடந்தது. 2020இல் அப்பீல் நீதிமன்றம் அவை கார்களே என்றது. அதன் விளைவாக 2025 ஏப்ரல் முதல் அங்கே இரட்டை இருக்கை வரிசை கொண்ட பிக்கப்புகளில் பெரும்பாலானவை கார் எனக் கணக்கிடப்படுகின்றன. மலேசியாவில் அத்தகைய வேன் சலுகை இல்லாததால், அந்தச் சண்டைக்கே இடமில்லை.

ஆகவே, வண்டி உண்மையில் வேலைக்கு மட்டுமே என்றால், அது நடத்தையில் தெரிய வேண்டும். மாலையில் ஆபீஸ் கொட்டகையில் நிறுத்தி, சாவியைக் கிராணியிடம் ஒப்படைத்து, யார், எங்கே, எதற்காக எடுத்தார் என்று புத்தகத்தில் எழுதிவந்தால் வாதாட ஆதாரம் இருக்கும். அப்படியின்றி வண்டி வீட்டில் நிற்குமானால், ஈ.ஏ. பாரத்தில் எந்த விலையைக் கொண்டு, எந்த வழியில் கணக்கிட்டிருக்கிறார்கள், வண்டியின் வயதைக் கவனித்தார்களா என்று ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏப்ரல் 30க்குள் அனுப்பும் பாரத்தில் தாமே காட்டிவிட வேண்டும். கம்பெனி எழுத மறந்தது என்பதால் ஊழியரின் பொறுப்பு நீங்காது. ஆதாரக் கடிதங்களை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். வண்டியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்த தேதியைக் காட்டும் கடிதமும் அதில் சேரும்.