வெள்ளைக் குதிரை வெள்ளையா?



மூலக்குளத்தில் என் வீட்டு வழியே அண்மையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் சென்றது. குதிரையோ பால்போன்ற வெண்மை. ஆயினும் அதன் மூக்கோரத்தையும் கண்ணோரத்தையும் உற்று நோக்கினேன், தோல் கறுத்திருந்தது. அப்படியாயின் அது பிறவி வெள்ளை அன்று. குதிரைக்காரரைக் கேட்டேன். குட்டியில் கறுப்பாக இருந்தது என்றார். வெள்ளைக் குதிரை வெள்ளையாகவே பிறக்கும் என்று நானே ஒருகாலத்தில் வகுப்பில் சொன்னவன். அந்தப் பிழையை இன்று திருத்திக்கொள்கிறேன்.

குதிரை மயிருக்கு நிறமூட்டும் பொருள்கள் இரண்டே: ஒன்று கருமை, மற்றொன்று செம்மை. கருமை மயிரில் ஊறாவிடில் உடல், பிடரி, வால் யாவும் சிவந்திருக்கும். எங்கும் பரவினால் கறுப்புக் குதிரை. பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவற்றோடு கருமை நின்றுவிட்டால், உடல் செம்பழுப்பாகத் தோன்றும்.

பழந்தமிழரும் பரியின் நிறத்தை நோக்கியே பெயரிட்டனர் போலும். நம் புதுவைக்கு மேற்கே, திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர்; சிறுபாணாற்றுப்படை இதனைக் கூறும். காரி என்றால் கரியது. தலைவனுக்கும் பரிக்கும் ஒரே பெயர்! அவனோடு பொருத ஓரியின் குதிரையும் ஓரியே. அச்சொல்லுக்குப் பிடரிமயிர் என்னும் பொருளும் உண்டு.

ஊர்வலக் குதிரையின் கதை வேறு. அதுவும் கறுப்பாகப் பிறந்ததே. ஆனால் ஆண்டுதோறும் நரை ஏறி வெளுத்துவிட்டது. இதற்குக் காரணம், மரபணு ஒன்றில் சிறு பகுதி இரட்டித்திருப்பதே என்று சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக அறிஞர்கள் பிறரோடு சேர்ந்து 2008-இல் கண்டறிந்தனர். மயிர்வேரில் நிறம் தரும் உயிரணுக்கள் விரைவில் தீர்ந்துபோகின்றன. தோலின் கருமை மட்டும் நிலைக்கிறது. பிறவி வெள்ளைக்கோ தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். அது வெயிலில் எளிதில் புண்ணாகும்.

நரைக்கும் குதிரைக்கு ஓர் இடர் உண்டு. 15 வயது கடந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வாலடியிலோ பிற இடத்திலோ கருங்கட்டிகள் தோன்றும். சில தீங்கற்றவையாய் நெடுநாள் கிடக்கும், சில உள்ளுறுப்புகளுக்கும் பரவும். குதிரைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் வாலைத் தூக்கிக் காட்டினார். கடலையளவில் இரண்டு கட்டிகள்! மருவென்று எண்ணி விட்டுவிட்டாராம். கால்நடை மருத்துவரிடம் மறுநாளே காட்டுவதாகச் சொல்லி, குதிரையை மெல்ல நடத்திச் சென்றார்.