ஓர் ஓடை, ஐம்பது பேர், இரண்டு நாடுகள்! மோட்லராய்ட் தெரியுமா?

பெர்லின் நகரைச் சுவர் பிரித்த கதை உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய ஐம்பது பேர் வாழும் ஒரு குக்கிராமத்தையும் கான்கிரீட் சுவர் இரண்டாக வெட்டியது தெரியுமா? அந்த ஊர்தான் மோட்லராய்ட்! ஜெர்மனியின் ஹோஃப் நகரத்துக்கு வடக்கே, வயல்களும் காடுகளும் சூழ்ந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. பண்ணை வீடுகள், கொட்டகைகள், நடுவே ஓர் ஓடை. ஊர் அவ்வளவுதான்!

ஓடையின் பெயர் டான்பாக். எவ்வளவு பெரிது என்கிறீர்களா? நம் வயல் வாய்க்கால் அளவு! பெரியவர்கள் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது எல்லையாகவே இருக்கிறது. மன்னர்கள் காலத்தில் எல்லை, பனிப்போர் காலத்தில் எல்லை, இன்றைக்கும் எல்லை!

எப்போது தொடங்கியது? 1810-இல்! நெப்போலியன் ஐரோப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். ஓடையின் ஒரு கரை பவேரிய முடியரசுக்கு, மறு கரை ராய்ஸ் என்ற சின்னஞ்சிறு சிற்றரசுக்கு என்று கல் நட்டார்கள். பவேரியாவுக்கு 'கேபி' என்றும் ராய்ஸுக்கு 'எஃப்ஆர்' என்றும் அந்தக் கற்களில் எழுத்துப் பொறித்தார்கள். 1920-இல் ராய்ஸ் துரிங்கியா மாநிலத்தில் கரைந்துபோனது. மன்னர்கள் போனார்கள், சிற்றரசு போனது, எல்லை மட்டும் போகவில்லை!

அதனால் ஊர்க்காரர்கள் கஷ்டப்பட்டார்களா? துளியும் இல்லை! இரு கரைப் பிள்ளைகளும் துரிங்கியக் கரையிலிருந்த ஒரே பள்ளியில் படித்தார்கள். பெரியவர்கள் அதே கரையில் ஒரே விடுதியில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். வழிபாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து பவேரியப் பக்கத்து டோப்பன் ஊர் தேவாலயத்துக்குப் போனார்கள். அரசாங்கம் இரண்டு, ஊர் ஒன்று!

பிறகு வந்தது 1945. போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் பங்கு போட்டன. பவேரியா அமெரிக்கர்களுக்கு, துரிங்கியா சோவியத்துக்கு. இரண்டுக்கும் நடுவே கோடு எது? பழைய மாநில எல்லை! அதாவது நம் டான்பாக் ஓடை! 1949-இல் ஒன்றாக இருந்த ஜெர்மனி இரண்டு நாடுகளானது: பவேரியக் கரை மேற்கு ஜெர்மனி, துரிங்கியக் கரை கிழக்கு ஜெர்மனி. ஓடைக்கு இந்தப் பக்கம் வேறு நாணயம், அந்தப் பக்கம் வேறு நாணயம். இந்தப் பக்கம் முதலாளித்துவம், அந்தப் பக்கம் கம்யூனிசம். உலகத்தையே இரண்டாகப் பிரித்த கோடு ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஓடியது என்றால் நம்ப முடிகிறதா?

1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை இறுக்கியது. எப்படி? மூன்று அடுக்காக! எல்லையை ஒட்டி 10 மீட்டருக்கு உழுது வெறுமையாக்கிய மண். 500 மீட்டர் வரை பாதுகாப்புப் பட்டை. 5 கிலோமீட்டர் வரை தடை மண்டலம். ஓடைக்கரை ஊரான மோட்லராய்ட்டின் கிழக்குப் பாதி எந்த அடுக்கில் இருந்திருக்கும்? 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டையில்தான்! அங்கே பொழுது விடிந்த பிறகுதான் வெளியே வேலை செய்யலாம், பொழுது சாய்ந்தால் நிறுத்திவிட வேண்டும். சொந்த வீட்டில் குடியிருக்கவே அடையாள அட்டையில் தனி முத்திரை தேவை! 'நம்பத் தகாதவர்கள்' என்று அரசு முடிவுகட்டியவர்களின் கதி? அந்தக் கோடையில் மட்டும் எல்லை நெடுகிலும் 8,000-க்கும் மேற்பட்டோர் வீடு வாசலைப் பறிகொடுத்து உள்நாட்டுக்குத் துரத்தப்பட்டார்கள்!

முதலில் ஆள் உயரத்துக்கு மேலே பலகை வேலி வந்தது. அடுத்து முள்கம்பி. 1966-இல் சுவரே வந்துவிட்டது! நீளம் 700 மீட்டர், உயரம் 3.3 மீட்டர். சில டஜன் மனிதர்களுக்காக 700 மீட்டர் கான்கிரீட்! இந்த ஊருக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'குட்டி பெர்லின்'!

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். சுவர் நின்றது எல்லைக் கோட்டில் அல்ல, கிழக்குக் கரையில், கொஞ்சம் உள்ளே தள்ளி! அதனால் மேற்கிலிருந்து ஒருவர் ஓடையைத் தாண்டிக் கால் வைத்தால், சுவரைத் தொடுவதற்கு முன்பே வேறு நாட்டுக்குள் நுழைந்துவிட்டார்!

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது சுவர் அல்ல, வேறொரு தடை. கிழக்குக் கரையில் இருப்பவர் மேற்குக் கரைக்குக் கையசைக்கக் கூடாது! 'காலை வணக்கம்' என்று குரல் கொடுக்கக் கூடாது! எதிர்க்கரையில் நிற்பது கூடப்பிறந்த அண்ணனாக இருந்தாலும் பார்க்காதது போல் திரும்பிக்கொள்ள வேண்டும். விசா வாங்கி, வேறு வழியாகச் சுற்றி வந்தால் பார்க்கலாம்தானே? அதுவும் நடக்காது! மேற்கு ஜெர்மானியர் கிழக்கு ஜெர்மனிக்குள் வர அனுமதி பெற்றாலும் தடை மண்டலத்துக்குள் இருக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. கூப்பிடு தூரத்தில் சொந்தம், கூப்பிட அனுமதி இல்லை! கண்ணிவெடியை விடக் கொடுமையானது இதுதான் என்பேன்.

கண்ணிவெடி என்றதும் ஞாபகம் வருகிறது. இரு ஜெர்மனிகளின் எல்லை மொத்தம் எவ்வளவு நீளம்? 1,393 கிலோமீட்டர்! அதில் புதைத்த கண்ணிவெடிகள்? ஏறக்குறைய 13 லட்சம்!

இவ்வளவு காவலையும் மீறி யாராவது தப்பினார்களா? தப்பினார்! 1973-இல் ஒருவர் வண்டியைச் சுவர் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏணியைச் சாய்த்தார், ஏறினார், மேற்கே குதித்துவிட்டார்! காவல் கோபுரம், ரோந்து, விளக்கு எல்லாவற்றையும் தோற்கடித்தது ஓர் ஏணி!

இந்தக் குக்கிராமத்துக்கு அமெரிக்கத் துணை அதிபரே வந்து போனார் தெரியுமா? 1983 பிப்ரவரியில் வந்தவர் ஜார்ஜ் புஷ். ஆறு வருடம் கழித்து அமெரிக்க அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தவர்! அவர் அதிபரான அதே 1989-இல்தான் பெர்லின் சுவரும் விழுந்தது.

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. உலகமே கொண்டாடியது. மோட்லராய்ட்? இன்னும் மூடியே கிடந்தது! சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்றுதான் இங்கே நடந்து போக வழி திறந்தார்கள். ஓடையைத் தாண்ட 37 ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள்!

அதே டிசம்பர் 9 அன்று பக்கத்து ஹோஃப் நகரத்தில் என்ன நடந்தது தெரியுமா? இரு ஜெர்மனிகளையும் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள் சுமார் 400 பேர் கூடினார்கள். மனிதர் கால் படாத எல்லைப் பட்டையில் அரிய பறவைகளும் செடிகளும் பெருகியிருக்கின்றன, அதை அப்படியே காப்பாற்றுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மரணப் பட்டை என்று பேர் வாங்கிய அந்த நிலம் இன்றைக்கு 'பசுமைப் பட்டை'! அழிவின் விளிம்பில் நிற்கும் 1,200-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே வாழ்கின்றன!

1990 ஜூன் 17 அன்று மோட்லராய்ட் சுவரை இயந்திரம் கொண்டு இடித்தார்கள். 1953-இல் கிழக்கு ஜெர்மனியில் மக்கள் கிளர்ந்தெழுந்ததும் அதே ஜூன் 17 அன்றுதான்! சுவரில் சுமார் 100 மீட்டரை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். அதைச் சுற்றி இப்போது ஓர் அருங்காட்சியகம். பின்னாளில் இந்த ஊரின் கதையைத் தழுவி ஜெர்மன் தொலைக்காட்சியில் 'டான்பாக்' என்ற தொடரே வந்தது!

சுவர் போனது, நாடு ஒன்றானது, எல்லையும் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? போகவே இல்லை! ஒரு கரை இன்னும் பவேரியா, மறு கரை இன்னும் துரிங்கியா. ஐம்பது பேருக்கு இரண்டு மேயர்கள்! இரண்டு அஞ்சல் குறியீடுகள்: 95183, 07926! இரண்டு தொலைபேசிக் குறியீடுகள்! கார் எண் பலகைகூட இங்கே 'எச்ஓ', அங்கே 'எஸ்ஓகே'! ஒரு கரையில் 'க்ரூஸ் காட்' என்பார்கள், மறு கரையில் 'கூட்டன் டாக்' என்பார்கள். பள்ளியின் கோடை விடுமுறைத் தேதிகூட வேறு வேறு.

அரசு விடுமுறையில்தான் பெரிய வேடிக்கை! அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள். துரிங்கியக் கரைக்கு விடுமுறை, பவேரியக் கரைக்கு வேலை நாள். மறுநாள் நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள். பவேரியக் கரைக்கு விடுமுறை, துரிங்கியக் கரைக்கு வேலை நாள்! செப்டம்பர் 20 குழந்தைகள் தினத்துக்கு 2019 முதல் துரிங்கியாவில் விடுமுறை. எதிர்க்கரைப் பிள்ளைகளுக்கு அது கிடையாது, பாவம்!

மியூனிக்கிலிருந்து பெர்லினுக்குக் காரில் போகிறவர்கள் ஏ9 நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால் போதும், மோட்லராய்ட் வந்துவிடும். சுவரும் கோபுரமும் வேலியும் எல்லைக் கற்களும் நிற்கின்றன. ஜெர்மனி பயணம் போட்டிருப்பவர்கள், அங்கே படிக்கும் பிள்ளைகள், ஒரு நாளை இந்த ஊருக்காக ஒதுக்கிவையுங்கள்!